அண்ணாந்து குடிக்கிற வீடு

"பாட்டில் எங்கேம்மா? கேக்கறதுக்கு பதில் சொல்லேன்..."

"பல்லைக் கெடுத்தது மிட்டாய்டீ. உங்கப்பா சட்டைப் பையில கையை விட்டுப் பாரு, காகிதம் காகிதமா..."

"மிட்டாயை அப்பறம் பேசலாம். சித்திரைல வாங்கிக் குடுத்தேனே, நீலக் கலர்ல, உறிஞ்சிக் குடிக்கற பாட்டில்..."

"எழுபத்தெட்டு வயசுல லெமன் மிட்டாயைச் சப்பிண்டு திரிஞ்சா பல்லு கொட்டாம வேற என்ன..."

"அம்மா! பாட்டில்!"

"பரண்ல இருக்கு. போறுமா?"

பூர்ணிமா சமையலறை வாசலில் நின்றாள். ஜாதவ்பூரில் மாணவர்களுக்கு வகுப்பு எடுத்துவிட்டு நேராகப் பாலிகஞ்சில் இருந்த அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். தோள் பையைக்கூட இன்னும் இறக்கவில்லை. சகுந்தலா அடுப்பைத் தணித்துவிட்டு மகள் பக்கம் திரும்பினாள்.

"பரண்ல எதுக்கு?"

"இந்த ஆத்துல யாரும் சீப்பிக் குடிக்கறதில்லைன்னு உனக்குத் தெரியாதா? பாட்டில்ல வாயை வெச்சு, மூடி, மறுபடி திறந்து, மறுபடி அதே வாயை வெச்சு... ராமா! எச்சில்டீ அது."

"அவர் எச்சில் அவருக்குத்தானேம்மா!"

"எச்சில்னா எச்சில்தான். அதுல அவருது இவருதுன்னு பேர் எழுதி வெச்சிருக்கா?"

பேச்சுக்கு உரியவர் கூடத்தில்தான் இருந்தார். ஸ்ரீனிவாசராகவன் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். பத்து நிமிஷமாக ஒரே பக்கம். துர்கா பூஜை முடிந்து வரும் பிஜயாவுக்கு, அடுத்த ஃபிளாட் வங்காளி அண்ணி, பௌதி, கொண்டுவந்து கொடுத்த தேங்காய் உருண்டையைக் கடித்தபோது அவருடைய மேல் பல் ஒன்று பாதியாக முறிந்து உருண்டையோடு வந்துவிட்டது. கல்லா கடித்தார்? வெல்லமும் தேங்காயும் சேர்ந்த மெத்தென்ற உருண்டை. பௌதி பதறிப்போனாள். அவர் சிரித்துச் சமாளித்தார். சகுந்தலா மட்டும் எல்லோர் எதிரிலும், "மிட்டாய் சப்பாதீங்கோன்னு தலைப்பாடா அடிச்சுண்டேன், கேட்டாத்தானே" என்று சொல்லிவிட்டாள்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு கரியாஹாட்ல பல் டாக்டர். நீயும் வா," என்றாள் பூர்ணிமா. குரல் இறங்கியிருந்தது. "டாக்டர் பார்த்தப்பறம் அப்பாவை எங்காத்துக்கு அழைச்சுண்டு போயிடலாம்னு இருக்கேன்."

"எதுக்கு?"

"அங்கே வந்தா தண்ணியாவது குடிப்பார்."

"நான் தீர்த்தம் குடுக்காம பட்டினி போடறேனா? கூஜா நிறைய ரொப்பி அவர் பக்கத்துலேயே வெக்கறேனே, கண்ணு தெரியலையா உனக்கு?"

"தெரியறதும்மா. காலம்பற நிறைய இருக்கு. இப்போ மணி ஆறு. இப்பவும் நிறையத்தான் இருக்கு."

  அடுப்பில் சாத்தமுது பொங்கிக்கொண்டு வந்தது. சகுந்தலா திரும்பி அந்த ரசத்தை இறக்கினாள். நாற்பத்தெட்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தவரை இன்னொரு வீட்டுக்கு அனுப்புவதாவது என்று மனசு மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

அந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தபோது சகுந்தலாவுக்கு இருபத்துநாலு வயது. கல்கத்தாவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். வந்த இடத்தில் எந்த ஆசாரத்தை விட முடியுமோ அதையெல்லாம் ஒவ்வொன்றாக விட்டாயிற்று. முதலில் வெங்காயம் வந்தது, பிறகு பூண்டு வந்தது. வெளியில் சாப்பிடுவதும், மீன் சமைக்கும் வாசனை வரும் மாடிப்படியில் மூக்கைப் பொத்தாமல் ஏறுவதும் பழகிவிட்டன. டம்ளரில் உதடு படக்கூடாது என்பது ஒன்றுதான் மிச்சம். அதைச் சகுந்தலா விடவில்லை. விட்டால் நாம் யார் என்று நமக்கே தெரியாமல் போய்விடும் என்று அவளுக்கு ஒரு பயம்.

அதிலும் ராகவன் தண்ணீர் குடிக்கிற அழகே தனி. டம்ளரை ஒரு முழம் உயரத் தூக்குவார். நூல் பிடித்தாற்போல் தண்ணீர் இறங்கும். தொண்டை அசைவது தெரியாது. ஒரு சொட்டு மேலே சிந்தாது. பேங்க்கில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வங்காளி நண்பர்கள் இதைப் பந்தயம் கட்டி வேடிக்கை பார்ப்பார்களாம். புதுப் பெண்ணாக வந்த சகுந்தலாவும் கதவிடுக்கு வழியாகப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். "என்னடி பாக்கறே, சர்க்கஸா?" என்பார். "ஆமா, டிக்கெட் உண்டா?" என்பாள் இவள்.

இந்த வருஷம் பங்குனியில் ஒருநாள் அந்தத் தண்ணீர் தாறுமாறாக இறங்கியது. சட்டை, வேட்டி, மடியில் இருந்த பேப்பர் எல்லாம் நனைந்துபோயின.

"என்னன்னா இது, சின்னக் குழந்தையாட்டமா?"

"தலை ஒரு மாதிரி சுத்தித்து."

"வெறும் வயத்துல உக்காந்திருந்தா சுத்தாம என்ன பண்ணும்? எழுந்து வந்து ரெண்டு இட்லி சாப்பிடுங்கோ."

ஒரு வாரம் கழித்து அவர் டம்ளரை வாயில் வைத்து உறிஞ்சுவதைப் பார்த்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அவர் கீழே வைத்ததும் எடுத்துப்போய், புளி போட்டுத் தேய்த்து அலம்பி, அலமாரியில் தனியாகக் கவிழ்த்து வைத்தாள். அவ்வளவுதான் செய்தாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் காபியைப் பாதியாக்கிக்கொண்டார். தன் கைக் காபி அலுத்துவிட்டது என்று சகுந்தலா நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "சாதம் தொண்டையில இறங்கலை, இன்னும் கொஞ்சம் சாத்தமுது விடேன்" என்று மூன்று தரம் கேட்பார்; வயதானால் நாக்கு இப்படித்தான் அலையும் என்று நினைத்துக்கொண்டாள். காலையில் பேப்பரை உரக்கப் படித்துக் காட்டுகிற வழக்கமும் நின்றது. நாலு வரி படிப்பதற்குள் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு ஒருவிதச் சத்தம் வரும். "நீயே படிச்சுக்கோ" என்று மடித்துப் போட்டுவிடுவார். கோபம் என்று இவள் எடுத்துக்கொண்டாள். அப்புறம் லேக் மார்க்கெட் கடையிலிருந்து லெமன் மிட்டாய் வர ஆரம்பித்தது.

மறுநாள் மூன்று பேரும் ஆட்டோவில் கரியாஹாட் போனார்கள்.

புடவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது கிளினிக். டாக்டர் சின்னப் பெண். பூர்ணிமாவின் மாணவி என்று சொன்னாலும் நம்பலாம், அத்தனை இளவயது. "வாருங்கள் மாமா, பயப்பட ஒன்றுமில்லை," என்று வங்காளத்தில் சொல்லி நாற்காலியில் உட்கார வைத்தாள். சகுந்தலாவும் பூர்ணிமாவும் சுவரோரமாக ஸ்டூலில் உட்கார்ந்தார்கள்.

நாற்காலி மெல்லப் பின்னால் சாய்ந்தது. பாதி சாய்வதற்குள் ராகவன் இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பற்றிக்கொண்டார். கண்மணிகள் நிலைகொள்ளாமல் அலைந்தன.

"நிறுத்தம்மா, நிறுத்து!"

நாற்காலி நிமிர்ந்தது. "தலை சுற்றுகிறதா? எத்தனை நாளாக?"

"ஏழெட்டு மாதமாக. நடந்தால் ஒன்றுமில்லை, படுத்தால் ஒன்றுமில்லை. தலையைப் பின்னால் சாய்த்து அண்ணாந்தால்தான் கூரை சுழல ஆரம்பித்துவிடுகிறது."

சகுந்தலாவுக்கு வங்காளம் நன்றாகவே புரியும். மீன்காரியோடு பேரம் பேச வேண்டியில்லாவிட்டாலும் காய்காரியோடு நாற்பத்தெட்டு வருஷம் சண்டை போட்டுக் கற்றுக்கொண்டது. அண்ணாந்தால் என்ற வார்த்தை மற்ற வார்த்தைகளிலிருந்து பிரிந்து அவள் மேல் வந்து விழுந்தது.

"சரி, சாய்க்காமலே பார்க்கிறேன். முதலில் வாயைக் கொப்பளித்துக்கொள்ளுங்கள்." டாக்டர் ஒரு காகிதக் கோப்பையில் தண்ணீர் கொடுத்தாள்.

அவர் அதை வாங்கினார். உதட்டில் வைத்தார். கொப்பளிக்கவில்லை, துப்பவில்லை. ஒரே மூச்சில் உறிஞ்சிக் குடித்துவிட்டு, கோப்பையின் அடியில் நின்ற கடைசிச் சொட்டுக்கும் உதட்டைக் குவித்தார். பிறகு வெட்கத்தோடு கேட்டார்.

"இன்னொன்று கிடைக்குமா?"

இரண்டாவதும் போயிற்று. பூர்ணிமா தலையைக் குனிந்துகொண்டாள். சகுந்தலா குனியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் சிறு கண்ணாடியை அவர் வாய்க்குள் விட்டாள். அது கன்னத்தின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு, இழுத்தபோதுதான் வந்தது. "எச்சிலே இல்லையே," என்றாள். "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?"

"பிரஷருக்கு ஒன்று. அடிக்கடி சிறுநீர் போகிறது என்று ஆறு மாதமாக இன்னொன்று."

"அந்த இரண்டாவது மாத்திரை வாயை வறளச் செய்யும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கொடுத்த டாக்டரிடம் நான் எழுதிக் கேட்கிறேன். வெற்றிலை, ஜர்தாப் புகையிலை?"

"பேங்க்கில் இருந்தபோது. விட்டுப் பதினைந்து வருஷம்."

"இனிப்பு?"

"மிட்டாய். வாயில் ஏதாவது ஊறினால் தேவலை போலிருக்கும்."

"எச்சில் இருக்கிற வாயில் இனிப்பைக் கழுவ ஆள் இருக்கிறது. உங்கள் வாயில் அது அங்கேயே உட்கார்ந்து ஈறோரமாக அரிக்கிறது. டீ எத்தனை?"

"நாலு... அஞ்சு."

"அஞ்சா!" என்று தமிழில் குறுக்கிட்டாள் சகுந்தலா. "ஆத்துல அரை டம்ளர் காபியைக் குடிக்க மூக்கால அழறேளே, எங்கே போய் அஞ்சு டீ?"

"லேக்ல. வாக்கிங் போறப்போ." அவர் திரும்பாமலே சொன்னார். "மண் கோப்பைல தருவான். குடிச்சுட்டுக் கீழ போட்டு உடைச்சுடலாம். எச்சில்னு அதை யாரும் அலம்ப வேண்டாம்."

 தமிழ் தெரியாத டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுத்ததைக் கேட்டாள்.

"வீட்டில் தண்ணீர் எவ்வளவு குடிப்பீர்கள், மாமா?"

"வீட்டில் கொஞ்சம் சிரமம்."

"என்ன சிரமம்?"

"எங்கள் பக்கத்தில் பாத்திரத்தில் உதடு படக்கூடாது. மேலிருந்து ஊற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு அண்ணாந்தாக வேண்டுமே."

"கூடாது என்று யார் சொன்னது?"

சகுந்தலா புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டாள். இதோ சொல்லப்போகிறார். சொல்லட்டும், ஊர் சிரிக்கட்டும்.

"யாரும் சொல்லவில்லை," என்றார் ராகவன். "வழக்கம்."

அந்த ஒரு வார்த்தைக்குப் பதிலாக அவர் தன்னை நாலு திட்டுத் திட்டியிருக்கலாம் என்று இருந்தது அவளுக்கு.

நாலு பற்களை எடுத்தாக வேண்டும் என்றாள் டாக்டர். கீழ்வரிசை முன்பற்களைக் காப்பாற்றிப் பார்க்கலாம். ஆனால் அது தன் கையில் இல்லை; வாய் நாள் முழுக்க ஈரமாக இருக்க வேண்டும். ஒரே தடவையில் சொம்பு நிறையக் குடித்துப் பயனில்லை, கால்மணிக்கு ஒருதரம் ஒரு மடக்கு. மிட்டாய் வேண்டாம், டீயைக் குறைக்க வேண்டும். "இவையும் போய்விட்டால் பல்செட் கட்டினாலும் நிற்காது, வறண்ட வாயில் அது பிடிக்காது," என்றாள். தலை சுற்றலுக்குக் காது டாக்டர் ஒருவரின் பெயரை எழுதிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சகுந்தலா செருப்பைக் கழற்றிய கையோடு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"அம்மா, எழுபத்திரண்டு வயசுல பரண்ல ஏறாதே, நான் எடுக்கறேன்..."

"நீ சும்மா இரு."

நீலப் பாட்டிலை அவளே எடுத்தாள், அவளே தேய்த்தாள், வெந்நீர் விட்டு அலசினாள், பானைத் தண்ணீரை நிரப்பினாள். அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

"குடிங்கோ."

"இருக்கட்டும், அப்பறமா..."

"அப்பறம் என்ன அப்பறம்? கால்மணிக்கு ஒருதரம்னு அந்தப் பொண்ணு சொன்னாளோன்னோ? எனக்கு ஒண்ணும் இல்லை. குடிங்கோ."

அவர் எடுத்தார். மூடியைத் திறந்து வாயில் வைத்தார். சர்ர் என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு உதடு குழாயிலிருந்து பிரிந்தபோது ஒரு சின்ன முத்தச் சத்தம்.

சகுந்தலா சத்தியமாக ஒன்றும் நினைக்கவில்லை. அவர் குடிக்க வேண்டும் என்றுதான் நின்றாள். ஆனால் அவளைக் கேட்காமலே அவள் முகம் சுளித்துக்கொண்டது. நாற்பத்தெட்டு வருஷமாகச் சுளித்துப் பழகிய முகம். கையும் தானாக நீண்டது. பாட்டிலைத் தேய்த்தபோது தன் தோளில் போட்டுக்கொண்ட துண்டால் அதன் வாயைத் துடைக்கப் போனாள். துண்டு அதைத் தொட்ட பிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

அவர் பாட்டிலை மெல்ல மூடிக் கீழே வைத்தார்.

"பூர்ணிமா, என் துணி நாலு எடுத்து வெச்சுக்கோம்மா."

"ஏன்னா, நான் வேணும்னு..."

"தெரியும் சகு. நீ வேணும்னு பண்ணலை." வறண்ட உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார். "அதான் கஷ்டம். வேணும்னு பண்ணினா சண்டை போடலாம். கொஞ்ச நாள் அங்கே இருந்துட்டு வரேன். பல்லு எடுக்கற வரைக்கும்."

பல் எடுத்து மூன்று வாரம் ஆனது. அவர் வரவில்லை.

தினமும் பதினோரு மணிக்கு சகுந்தலா போன் பண்ணுவாள். "சாப்பிட்டேளா?" "ஆச்சு." "வலி?" "இல்லை." "தலை சுத்தல்?" "காது டாக்டர் ஏதோ பயிற்சி சொல்லியிருக்கார், பரவாயில்லை." தண்ணீரைப் பற்றி மட்டும் அவள் கேட்க மாட்டாள். வார்த்தைகள் முன்னைப்போல் ஒட்டிக்கொள்ளாமல் பிரிந்து பிரிந்து வருவதைக் கவனிப்பாள். சந்தோஷமாக இருக்கும். உடனே, அங்கே போன பிறகுதானே என்று உறுத்தும்.

அவர் இல்லாத வீட்டில் ஒருநாள் அவளே டம்ளரை உதட்டில் வைத்துப் பார்த்தாள். பித்தளையின் விளிம்பு சில்லென்று இருந்தது. ஒரு மடக்கு விழுங்கினாள். கூரை இடிந்து விழவில்லை. ஆனாலும் அலம்பித்தான் வைத்தாள், யாருக்காக என்று தெரியாமல்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை சாத்தமுதைத் தூக்கில் எடுத்துக்கொண்டு ஜாதவ்பூரில் பூர்ணிமா வீட்டுக்குப் போனாள். படியேறும்போதே குரல் கேட்டது. பேப்பரைத்தான் உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். மெட்ரோ எப்போது ஓடப்போகிறது, எந்த மந்திரி என்ன சொன்னார் என்று நிறுத்தி நிதானமாக, நடுநடுவே தானே கேலி செய்துகொண்டு. "இந்தப் பாலம் திறக்கறதுக்குள்ள எனக்கு மறுபடி பால் பல்லு முளைச்சுடும்" என்றார். பூர்ணிமா உள்ளேயிருந்து சிரித்தாள். சகுந்தலா நடுப்படியில் தூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பங்குனிக்கு அப்புறம் இப்போதுதான் இந்தக் குரலைக் கேட்கிறாள். ஒரு செய்தி முடியும். சர்ர் என்று ஒரு சத்தம். அடுத்த செய்தி ஆரம்பிக்கும்.

கதவு திறந்துதான் இருந்தது.

"வா, வா," என்றார் அவர். முகம் மலரத்தான் செய்தது. ஆனால் அவர் கை பக்கத்திலிருந்த பாட்டிலை எடுத்து, மடித்த பேப்பருக்குப் பின்னால் நகர்த்தி வைத்ததை அவள் பார்த்துவிட்டாள்.

எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். பூர்ணிமா தூக்கை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"இளைச்சுட்டியே சகு."

"எனக்கென்ன. கீழ்ப் பல்லு நிக்கறதா?"

"நிக்கறது. டாக்டர் பொண்ணுக்கு ரொம்ப சந்தோஷம். இப்படியே இருந்தா எல்லாம் நின்னுடும்னா."

"இப்படியேன்னா..." அவள் முடிக்கவில்லை. மடியில் இருந்த தலைப்பு நூலைப் பிரித்தாள். "பௌதி தினம் கேக்கறா, எப்போ வரார்னு. நான் என்ன சொல்லட்டும்?"

"வரேன்னு சொல்லு."

"எப்போ?"

அவர் அவளையே பார்த்தார். "வரணும்னுதான் இருக்கு. இங்கே சாதம் இறங்கறது, ராத்திரி தூக்கம் வரது. ஆனா பேப்பர் படிச்சா, ஆமான்னும் இல்லைன்னும் எதிர்த்துப் பேச ஒருத்தர் இல்லை. நான்..."

நாக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டு தரம் விழுங்கிப் பார்த்தார். விழுங்க வாயில் ஒன்றும் இல்லை. அந்தப் பழைய சத்தம் வந்தது. உதட்டை மூடிக்கொண்டு, ஒரு நிமிஷம் என்பதுபோல் கையைக் காட்டினார். பேப்பருக்குப் பின்னால் இருந்ததன் பக்கம் கண் போயிற்று. போன கண் உடனே அவள் முகத்துக்கு வந்தது. கை நகரவில்லை.

சகுந்தலா தன் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பும் சரியாக வரவில்லை. எழுந்து ஜன்னல் ஓரம் போய், வெளியே ஆட்டோக்கள் நிற்கும் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குடிங்கோன்னா. நான் இந்தப் பக்கம் திரும்பிண்டுட்டேன்."